முகம் தெரியும் தரை

செவ்வாய்க் கோளில் காலை மணி அடித்ததும் தாய்ப்பன்றிகள் வழக்கம்போல வரிசையில் வந்து, ஒவ்வொன்றாக முன்காலைத் தூக்கிக் குளம்புக்காணியின் தட்டில் வைத்தன. அந்த இயந்திரன் வெடிப்பு, வீக்கம், நடை எல்லாவற்றையும் அளந்து ‘நலம்’ என்றால்தான் தீவனக் கதவு திறக்கும். மகராணி என்ற பன்றிக்கு அன்று திறக்கவில்லை.

“நொண்டுகிறது. நீக்கவும்” என்றது குளம்புக்காணி.

நீக்குவது என்றால் மறுநாள் சமையற்கூடம். நொண்டும் பன்றி எழுந்து தின்னாது. குட்டிகளை நசுக்காமல் படுக்கவும் அதற்கு வராது. ஆகவே அப்படியொரு சட்டம்.

கொட்டிலைப் பார்த்துக்கொண்ட பிரிஜிட்டாவுக்கு மனம் கேட்கவில்லை. விண்கலத்தில் மகராணியைக் குட்டியாக மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் அவள். கோளாறு பன்றியில் இல்லை, தரையில்தான் என்று கண்காணிப்பாளர் ஞானதுரையிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். செம்மண்ணை உருக்கி வார்த்த கண்ணாடிக்கல் தரை அது. கழுவுவது சுலபம். ஆனால் ஈர்ப்பு குறைந்த செவ்வாயில் ஈரக் கண்ணாடிக்கல்லில் எந்தக் குளம்பும் நிற்காது. வழுக்கி, ஊன்றி, வெடித்து, சீழ் பிடிக்கும். ஞானதுரையோ, இயந்திரன் தரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கையை விரித்துவிட்டார்.

பிரிஜிட்டா காலணியைக் கழற்றினாள். அன்று முழுக்க மகராணியோடு வெறுங்காலில் கொட்டிலைச் சுற்றினாள். மூன்று முறை விழுந்தாள். மாலையில் ஞானதுரையைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னே வீங்கிய காலைத் தட்டில் வைத்தாள்.

குளம்புக்காணி வீக்கத்தை அளந்தது.

“இதுவும் நொண்டுகிறது. நீக்கவும்.”

“அப்போ என்னையும் வெட்டுவியளா சார்?”

ஞானதுரை சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவளை விட்டால் அங்கே பன்றிப் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. முதல்முறையாகக் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார்.

ஒரே வாரத்தில் கண்ணாடிக்கல் பெயர்க்கப்பட்டது. குளம்பு சிக்காத குறுகிய இடுக்குகளோடு சொரசொரப்பான ரப்பர் தரை வந்தது. படுக்கக் காய்ந்த வைக்கோல், சேர்ந்து உலாவ அகலமான இடம். மகராணி பிழைத்தாள். மழைக்காலமே இல்லாத அந்த ஊரில் பதினோரு குட்டிகளை ஈன்று, அத்தனைக்கும் பால் கொடுத்தாள்.

சில மாதம் கழித்து ஞானதுரை புதுவீட்டு விருந்துக்கு அழைத்தார். வாசலில் கால் வைத்த பிரிஜிட்டா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வீடு முழுக்கக் கொட்டிலில் பெயர்த்த அதே கண்ணாடிக்கல். முகம் தெரியும்படி பளபளத்தது. கேட்டு வாங்கிப் பதித்தாராம். தெருவே இப்போது அதற்குத்தான் அலைகிறதாம்.

அவர் மனைவி ஜெசிந்தா வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு, குதிகாலைப் பிடித்தபடி நொண்டி நொண்டித் தேநீர் கொண்டுவந்தாள். மருத்துவர் எலும்பு தேய்ந்திருக்கிறது, வயசாகிறது என்றாராம்.

“கொட்டில்ல ரப்பர் மிச்சம் கெடக்கு அக்கா. கொண்டு வந்து விரிச்சுத் தரட்டா?” என்றாள் பிரிஜிட்டா.

ஜெசிந்தா பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“பன்னிக்குப் போடுத தரையா? வீட்டுக்கு நாலு பேரு வருவாவ. பாத்தா என்ன நெனப்பாவ?”