தங்கக்கட்டி டப்பாவுக்கு ஒரு மூடி

அணாவில் விலை போட்ட டப்பாவில் நயா பைசா எப்படி வரும்? ஆல்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். 'விலை 37 நயா பைசா' என்றுதான் இருந்தது. காலையில் அதே இடத்தில் 'விலை அணா 6' என்று படித்திருந்தான். ஃபோனில் படமும் எடுத்திருந்தான். எடுத்துப் பார்த்தான். படத்தில் அணா. கையில் இருந்த டப்பாவில் நயா பைசா.

பழைய விளம்பர டப்பா சேர்க்கிற கிறுக்குப் பிடித்தவனுக்கு இது சின்ன விஷயமா என்ன? டப்பாவின் வயதை அதன் மேலிருக்கும் எழுத்துதான் சொல்லும். அணா என்றால் ஐம்பத்தேழுக்கு முன்னால், நயா பைசா என்றால் அதற்குப் பிறகு, பின்கோடு வந்துவிட்டால் எழுபத்திரண்டைத் தாண்டியாயிற்று. பொடி டப்பா, பவுடர் டப்பா, பிஸ்கோத்து டப்பா என்று துடியலூர் வீட்டின் பின்னறையைக் கூரை வரை அடைத்துவைத்து, "ஊடா, காயலாங்கடையா?" என்று மனைவி பிரத்யுஷாவிடம் தினமும் வாங்கிக்கட்டிக்கொள்கிறவன் அவன். எழுத்து மாறுகிற டப்பாவை இதுவரை பார்த்ததில்லை.

இது முந்தின நாள் கோபிசெட்டிபாளையத்தில் கிடைத்தது. பழனியாத்தாள் என்கிற அம்மா இதில்தான் கோழிக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். சிவப்பு எழுத்தில் 'தங்கக்கட்டி பிஸ்கோத்து'. அதன் கீழே தலையைப் படிய வாரிய ஒரு பையன், மடியில் அதே டப்பாவை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்த டப்பாவிலும் அதே பையன், அவன் மடியிலும் டப்பா. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூடி மட்டும் இல்லை.

"மூடியக் கெணத்துல போட்டாச்சுங்க. இப்பிடியே வெச்சுக்கோங்க, வேற மூடி தேடாதீங்க" என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூடி இல்லாத டப்பாவை இந்தத் தொழிலில் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். அளவு ஒத்துவருகிற வேறொரு மூடியைத் தேடிப் பொருத்திவிடுவார்கள். ஜோடி சேர்ப்பது என்று அதற்குப் பேர். ஆல்வினிடம் ஒரு பெட்டி நிறைய ஒற்றை மூடிகள் கிடந்தன. காலையில் ஒன்றை எடுத்து வைத்து அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. அந்த நொடியில் வீட்டில் ஃபேன் சத்தம்கூட இல்லாமல் போனதாகத் தோன்றியது. இருந்த சந்தோஷத்தில் அதை யார் கவனித்தார்கள்?

இப்போது மூடி திறக்கவில்லை.

வெளியே விடாத மழை. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். ஹாலில் மகள் இளவேனில் படம் வரைந்துகொண்டு ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். பிரத்யுஷா பீளமேட்டு ஆபீசிலிருந்து வர சாயங்காலம் ஆகும். பின்னறையில் துரு வாசனையோடு புதிதாக ஒரு வாசனை கலந்திருந்தது. வெண்ணெய் பிஸ்கோத்து வாசனை. அதற்கு அடியில், மழையில் நனைந்த குழந்தையின் தலைமுடி வாசனை. மூக்கை டப்பாவுக்குக் கிட்டே கொண்டுபோனவன் சட்டென்று பின்வாங்கினான். தகரம் சுட்டது.

திருப்பினான். பின்பக்கம் காலையில் 'கோபிசெட்டிபாளையம்' என்று மட்டும்தான் இருந்தது. இப்போது ஒரு முழு முகவரி. தெருப் பெயர், கதவு எண், துடியலூர், 641034.

அது அவன் வீடு.

முன்பக்கம் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பார்த்தான். பையன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தான்.

ஆல்வின் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழனியாத்தாளுக்கு ஃபோன் போட்டான்.

"ஏனுங்க, நேத்து டப்பா வாங்கிட்டு வந்தேனே, கோயமுத்தூர்க்காரனுங்க."

"மூடி போட்டுபோட்டீங்களா?"

"ஆமாங்க. இப்பத் தெறக்கவே வரமாட்டீங்குது."

அந்தப் பக்கம் கோழிகள் கொக்கரித்தன. பிறகு அந்த அம்மாவின் குரல் இறங்கி வந்தது. "எங்கண்ணன் இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்கறானுங்களா?"

அவன் டப்பாவைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"உங்கூட்ல கொழந்தை இருக்குதுங்களா?"

"ஒரு பொண்ணுங்க."

"படிச்ச மனுசனுக்குச் சொன்னா ஏறாதுங்களா? அத எங்கூட்டுப் பக்கம் கொண்டாந்துபோடாதீங்க. இந்த நம்பருக்கும் கூப்பிடாதீங்க." ஃபோன் வைக்கப்பட்டது.

இளாவின் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தைரியத்தில் ஹாலுக்கு ஓடினான். தரையில் க்ரேயான்கள். பாதி வரைந்த வீடு. யாரும் இல்லை. படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது.

பாட்டு மட்டும் கேட்டது. அவன் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

கக்கத்திலிருந்து.

டப்பாவை முகத்துக்கு நேரே தூக்கினான். கீழே கறுப்புக் கோடுகளாக பார்கோடு. தயாரித்த தேதி, இன்று. மேலே பையனுக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன். காலையில் அவனே சீவிவிட்ட ரெட்டைக் குடுமி. மடியில் டப்பா.

"அப்பா, இருட்டா இருக்குது."

ஸ்க்ரூடிரைவரை மூடியின் இடுக்கில் செருகி நெம்பினான். கை வழுக்கியது. ரத்தம் வந்தது. மறுபடி நெம்பினான். மூடி தெறித்து விழுந்தது.

உள்ளே இன்னொரு டப்பா. அதே சிவப்பு எழுத்து. மூடியிருந்தது.

"அப்பா." குரல் கொஞ்சம் சன்னமாகியிருந்தது.

நெம்பினான். உள்ளே ஒன்று. அதையும். அதற்குள்ளும் ஒன்று. தீப்பெட்டி அளவு. பிறகு சுண்டுவிரல் நுனி அளவு. ஸ்க்ரூடிரைவர் நுழையவில்லை. ஊக்கு எடுத்து வந்தான். பிறகு ஊசி. ஹால் முழுக்கத் திறந்த டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அந்தப் பையன் தனியாக இருந்தான். ஒவ்வொன்றிலும் இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சிரித்தான்.

கடைசியில் உள்ளங்கையில் ஒரு கடுகு நின்றது. சிவப்பாக. ஊசி முனை அதன் மேல் வழுக்கியது. நகம் பிய்ந்தது. பூதக்கண்ணாடியை வைத்தான். அதற்கும் மூடி இருந்தது. அதில் மஞ்சளாக ஒரு புள்ளி.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட்டைத் திறக்கும் சத்தம். தாழ் போட்ட கதவைத் தட்டிக்கொண்டே பிரத்யுஷா வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"இளா கண்ணு, எங்கிருக்கறே?"

ஆல்வினின் உள்ளங்கையில் அந்தக் கடுகு லேசாக உருண்டது.

"இங்கதாம்மா."