மன்னித்தவளின் மௌனம்

தொம்மென்று கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது.

அவ்வளவுதான்... உள்ளறையில் யல்மாரி அலறினான். ஹில்கா கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டது போட்டபடி ஓடினாள். ஓடியவள் அறை வாசலிலேயே நின்றுகொண்டாள். அதற்கு மேல் போனால் அவன் இன்னும் நடுங்குவான். கட்டிய பெண்டாட்டியைக் கண்டு ஒரு மனிதன் பயப்படுகிறான், இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

"நீ... கூப்ட்ட..." என்றான், சுவரோடு ஒண்டிக்கொண்டு. நாலு மாதத்தில் அவனுக்குத் திரும்பி வந்த வார்த்தைகள் முப்பது இருந்தால் அதிகம். அதில் இரண்டு இவை.

டிசம்பரில் அவன் ஜெபவீட்டுக் கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தான். இடுப்பில் கட்டிய கயிற்றைக் கீழே பிடித்திருந்தவன் ஆர்வோ. இருவரும் ஒன்றாகக் காட்டில் மரம் வெட்டுகிறவர்கள், உயிருக்குயிரான சிநேகிதர்கள். ஹில்கா காபி கொண்டுபோய், "காபி வந்தாச்சு!" என்று குரல் கொடுத்தாள். குனிந்து கோப்பைகளில் ஊற்றி நிமிர்வதற்குள் யல்மாரி தரையில் கிடந்தான். மண்டையிலும் முதுகெலும்பிலும் அடி. பெண்டாட்டி கூப்பிட்டாள், திரும்பினான், சறுக்கினான், அந்த வேகத்தில் கயிறு ஆர்வோவின் கையை விட்டுப் போயிற்று என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

உண்மை வேறு. அன்று மாலையே மருத்துவமனை நடையில் ஆர்வோ அவள் முன்னால் மண்டியிட்டான். "தங்கச்சி... காபின்னதும் கயித்தக் கீழ போட்டுட்டு வந்துட்டேன். அவன் விழறப்ப என் கையில கயிறே இல்ல! எனக்கு மன்னிப்பு இருக்கா?"

கேட்டவருக்கு இல்லையென்று சொல்லும் வழக்கம் அவர்கள் சேர்ந்த அந்த ஜெபவீட்டுச் சபையில் கிடையாது. ஹில்கா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் எல்லாம் மன்னிச்சாச்சு, நம்புங்கண்ணே" என்றாள். சொன்னாள், முடிந்தது. மன்னித்த பாவத்தைக் கர்த்தர் கடலில் போட்டுவிடுகிறார். அதைத் தோண்டியெடுத்துப் பேசுகிறவர்தான் அப்புறம் பாவி. ஆகவே பழி தன்மேல் வந்து விழுந்தபோதும் அவள் வாய் திறக்கவில்லை. பைத்தியக்காரி என்பீர்கள். அவர்களுக்குள் அது அப்படித்தான்.

சபை கைவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். திங்களன்று ஒரு வீட்டு ரொட்டி, புதனன்று இன்னொரு வீட்டு மீன் சூப். சனிக்கிழமை நாலு ஆண்கள் வந்து அவனைச் சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்குத் தூக்கிப்போய், குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் குளிப்பாட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். கூடத்தில் கைப்பிடிக் கட்டை அடித்து, தினமும் அவனை நடக்கப் பழக்கியது ஆர்வோதான். இவ்வளவும் செய்தவர்கள் ஹில்காவின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டார்கள். "தேவ சமாதானம்" என்று கை கொடுப்பார்கள். கண் சுவரில் இருக்கும்.

போதாததற்கு அவள் காதிலேயே அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அடுப்படியில், மாட்டுக் கொட்டகையில், தூக்கத்தின் நடுவில்... அவளுடைய சொந்தக் குரல்! காபி வந்தாச்சு! பின்னாலேயே தொம்மென்ற சத்தம். நாலு மாதமாக அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

வெளியே கார் வந்து நின்றது. கணவனின் அக்கா ஐலி, பின்னால் ஆர்வோ.

"தம்பிய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் ஐலி, கோட்டைக்கூடக் கழற்றாமல். "தெனம் உன் மூஞ்சியில முழிச்சா அவன் எப்படித் தேறுவான்?"

"அக்கா... அவரு எனக்கு..."

"என்ன உனக்கு? கூரை மேல நிக்கிற மனுஷன ஏன்டி கூப்ட்ட? ஆறப்போற காபிக்கு என் தம்பி உசிரா?"

ஹில்காவின் கண் ஒரே ஒரு கணம் ஆர்வோவிடம் போயிற்று. அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூடத்து அலமாரியிலிருந்து கம்பளிச் சட்டை, காலுறை, மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். கண்ணீர் துணியின் மேலேயே விழுந்தது.

ஆர்வோ உள்ளறைக்குப் போய் யல்மாரியின் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கினான். படுக்கையிலிருந்து எழும்போது யல்மாரியின் கால் மடங்கியது. ஹில்கா வாசலில் நின்றபடியே பதறிப்போய், "கெட்டியா பிடிச்சுக்கங்கண்ணே... விட்டுடாதீங்க!" என்றாள்.

பாவம், குத்திக்காட்ட அவளுக்குத் தெரியாது. வாய் தவறி வந்ததுதான். ஆனால் ஆர்வோவின் முகம் வெளுத்துப்போயிற்று. நண்பனை மெல்லப் படுக்கையில் உட்கார வைத்தான்.

"என்னால முடியலக்கா" என்றான் ஐலியிடம். "விட்டவன் நான். யல்மாரி... கயித்த விட்டவன் நான்டா! அவ கூப்ட்டதால நீ விழல. நான் கயித்தப் போட்டுட்டு காபி குடிக்கப் போனேன். அன்னைக்கே இவகிட்ட சொன்னேன், மன்னிச்சா. அப்புறம் நாலு மாசம்... கடல்ல போட்ட விஷயம், பேசக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இவ தலையில எல்லாரும் அடிக்கிறதப் பாத்துக்கிட்டே சூப்பு குடிச்சேன்! எனக்கு ராத்திரி கையெல்லாம் எரியுதுடா..."

ஐலி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "ஹில்கா... தெரிஞ்சேவா வாய மூடிட்டு இருந்த?"

"மன்னிச்சுட்டனேக்கா... மன்னிச்சத எப்படிச் சொல்றது?"

"அய்யோ, என்னென்ன பேசிட்டேன்! எனக்கு மன்னிப்பு இருக்கா, ஹில்கா?"

ஹில்கா வாயைத் திறந்தாள். ஆர்வோவுக்கு ஒரே மூச்சில் சொன்ன வார்த்தைகள் இப்போது தொண்டையைத் தாண்டி வரவில்லை. நாலு மாதம் அங்கே அடைத்துக்கொண்டு நின்றது. ஐலி கேட்டது கேட்டபடி நிற்கிறாள்.

"வரலக்கா" என்றாள் ஹில்கா, அழுதுகொண்டே. "பொய்யா சொல்ல எனக்கு மனசில்ல."

அப்போதுதான் படுக்கையிலிருந்து சத்தம் வந்தது. யல்மாரி சரியாக வராத இடது கையைத் தூக்கி, காற்றில் தடவினான்.

"ஹில்... கா... வா..."

அவள் அசையவில்லை. நம்பமுடியவில்லை அவளால்.

"நான்... பயந்தேன்... உன்ன." ஒவ்வொரு சொல்லுக்கும் நெற்றி வியர்த்தது. "மன்னிப்பு... இருக்கா?"

நாலு மாதமாகத் தாண்டாத வாசலைத் தாண்டி ஓடினாள் ஹில்கா. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்ன வார்த்தைகள் அழுகையில் யாருக்கும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. அவன் நடுங்கவில்லை. அவள் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதான். ஆர்வோ தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

ஐலி பெட்டியைத் திறந்து, கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக அலமாரியிலேயே திரும்ப அடுக்கினாள். கிளம்பும்போது கதவருகில் தயங்கினாள்.

"நாளைக்கு வந்து மறுபடி கேக்கட்டுமா?"

ஹில்கா கணவனின் கையை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கக்கா" என்றாள். "காலையிலயே வாங்க."