வாசலில் வைத்த கூடை

நான்கு நாள்களாக அந்த வீட்டின் குப்பைக்கூடை காலியாகவே இருந்தது. அதை முதலில் கவனித்தவர், காலைதோறும் தள்ளுவண்டியோடு வரும் துப்புரவு அம்மாள்.

“என்ன டாக்டரம்மா, வீட்ல சமையலே இல்லையா? இல்ல, அய்யா தோலையும் சேர்த்தே முழுங்கிடறாரா?”

அந்த வீட்டுக்காரி ஊசி போடத் தெரியாத டாக்டர், வைரஸ்களை ஆராய்பவள். அம்மாளின் கேலிக்குச் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. கட்டட வரைபடம் வரையும் அவள் கணவர், போகுமிடமெல்லாம் ஆரஞ்சுத் தோலையும் பென்சில் சீவலையும் கிழித்த தாளையும் சிந்திக்கொண்டே திரிபவர். அத்தகையவர், இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பின் ஒரு துணுக்கும் உதிர்க்கவில்லை. இரத்தப் பரிசோதனையோ அப்பழுக்கில்லை என்றது.

காய்ச்சலின்போது, பொழுது போகட்டுமென்று தன் வேலையைப் பற்றி அவள்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு மாதிரிங்க. உள்ளே இருக்கறதைத் துண்டு துண்டா நறுக்கி வாசல்ல வைக்கும். அந்தத் துணுக்கைப் பார்த்துத்தான் காவக்காரங்க, உள்ளே இருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்குவாங்க.”

“குப்பையைக் கிளறிக் குடும்பத்தைத் தெரிஞ்சுக்கறதா? உங்க அக்கா மாதிரின்னு சொல்லு.”

“போதும் உங்க கிண்டல்! வைரஸ் உள்ளே புகுந்தா, துணுக்கு வாசலுக்கு வராமத் தடுத்துடும். ஆனா வாசல் காலியா இருந்தா சந்தேகப்பட்டுக் கொல்றதுக்குன்னே வேற காவல் இருக்கு. அதனால கெட்டிக்கார வைரஸ், பொய்யா ஒரு கூடையை வாசல்ல வைச்சுடும்.”

ஒன்றுக்கு ஒன்பது கேள்வி கேட்பவர், இமைக்காமல் அவளைப் பார்த்தார். “சரி” என்றார். அவ்வளவே.

துப்புரவு அம்மாள் கேலி செய்த மறுநாள், கூடை நிறைந்திருந்தது. சுருண்ட ஆரஞ்சுத் தோல், பென்சில் சீவல், நாலாகக் கிழித்த தாள். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நாளும் அவையே. மூன்றாம் நாள் அவள் மண்டியிட்டுக் கூடைக்குள் முகத்தைத் தாழ்த்தினாள். தோல், அதே மூன்று சுருள். தாள், அதே கோணல் கிழிசல். ஆரஞ்சின் புளிப்போ மரச் சீவலின் வாசமோ சிறிதுமின்றி, கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் அக்கூடை மணமற்றிருந்தது. அப்பொழுது, சாத்தியிருந்த கணவரின் அறைக்குள் கத்தரிக்கோல் போன்ற ஓர் ஒலி, ஈரத் துணியை வெட்டுவதுபோல, நிதானமாக, ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

“உள்ளே என்னங்க பண்றீங்க?”

ஒலி நின்றது.

“ஒண்ணுமில்லையே.”

விடிந்ததும் துப்புரவு அம்மாளிடம் சொல்லிவிடுவது, அந்த அம்மாளோடு அப்படியே தெருவில் இறங்கிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். அன்றிரவு கண்ணிமைகள் ஒட்டவில்லை. தொண்டை மட்டும் இலேசாகக் கரகரத்தது.

காலையில் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள்.

வாசலில் இரண்டு கூடைகள்.

இரண்டாவது புதியது. அதனுள் அவள் சீப்பில் சிக்கும் நீள முடி. அவளுடைய குறிப்பேட்டின் தாள்கள், விரற்கடை அளவில் நறுக்கியவை. அவள் கையெழுத்து. அவள் எறியாதவை.

பாதி திறந்த கதவில், முதுகு காட்டியபடி கணவர்.

“டாக்டரம்மா! எல்லாரும் சௌக்கியமா?” வெளியே துப்புரவு அம்மாளின் குரல்.

அவள் வாய் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

குரல் கதவருகிலிருந்து வந்தது.

“சௌக்கியந்தாம்மா. இன்னிக்கு ரெண்டு கூடை, பார்த்தீங்களா?”

அவளுடைய குரல். அவளுடைய சிரிப்பு. உதட்டோடு நின்றுவிடும் அதே சிரிப்பு.

“அப்பாடா, இப்பத்தான் வீடு வீடா இருக்கு!” என்றார் துப்புரவு அம்மாள்.

கூடைகள் கவிழ்ந்தன. சக்கரங்கள் நகர்ந்தன. அடுத்த வீட்டு வாசலில் அதே அன்பான விசாரிப்பு.

கணவர் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்தது. அவர் திரும்பவில்லை. கைகள் இரண்டும் வெறுமையாகத் தொங்கின.

கத்தரி ஒலி மீண்டும் தொடங்கியது. நிதானமாக. ஈரமாக.

அவருடைய அறையிலிருந்து அல்ல.

அவள் தொண்டைக்குள்ளிருந்து.