உப்பளத்து ஆறு நோட்டுகள்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கும் தனகோடியின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தொலைந்த பத்திரத்தையோ, மாப்பிள்ளை வீட்டாரின் பூர்வீகத்தையோ தேடி வருவார்கள். அந்தப் புதன்கிழமை காலை படியேறி வந்த மேரிசெல்வி எதையும் தொலைக்கவில்லை. இனிமேல்தான் தொலைக்கப் போகிறாள். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவளுடைய வேலையும் நல்ல பெயரும் ஒன்றாகப் போகவிருந்தன. தடுக்க வழியுண்டா என்று கேட்க வந்திருந்தாள்.

தனகோடி இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்த பெண்மணி. பொய்களைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் குரலை உயர்த்துகிற பழக்கமே அவரை விட்டுப் போய்விட்டது. உதவியாளன் முருகையன் அதற்கு நேர் எதிர். நாற்பத்தைந்து வயதிலும், வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடுவான். பிடிபட்டவர் அநேகமாக அப்பாவியாக இருப்பார். அதற்காக அவன் உற்சாகம் குறைந்ததாக யாரும் பார்த்ததில்லை.

மேரிசெல்வி புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் நர்ஸ். இதய ஆபரேஷனுக்கு நெஞ்செலும்பைப் பிளந்து, பிறகு கம்பியால் கட்டுவார்கள். காயம் ஆறின பின்னும் சிலருக்கு அந்த இடத்தில் வலி மாதக்கணக்கில் நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுக்கும்போதே நெஞ்செலும்பின் இரு பக்கமும் மரத்துப்போக ஒரு ஊசி கூடுதலாகப் போட்டால் அந்த வலி பின்னாளில் குறையுமா என்பதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு ஊசி உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு உண்டு என்பது நர்ஸுக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் தினமும் ஒரு நோட்டில் தன் வலிக்கு ஒரு எண் எழுத வேண்டும். பூஜ்யம் என்றால் வலி இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி.

ரகசியப் பட்டியலைப் பிரித்து மேலிடம் கணக்குப் பார்த்தபோது, மற்ற ஊர்களில் ஊசி போட்டவர்களுக்கு வலி குறைவாகவே இருந்தது. மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் ஆறு பேரின் நோட்டில் மட்டும், ஊசி போட்டவர்கள்தான் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நோட்டும் ஒரே கையெழுத்து. மேரிசெல்வி வீட்டில் உட்கார்ந்தபடி வாய்க்கு வந்த எண்ணை எழுதிவிட்டாள் என்று மேலிடம் முடிவுகட்டிவிட்டது. விசாரணைக் கூட்டம் நாளை மதியம்.

"அது யார் கையெழுத்தும்மா?" என்று கேட்டார் தனகோடி.

மேரிசெல்வி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "என்னுது இல்லக்கா. அது சத்தியம். வாரா வாரம் கவர் ஒட்டித்தான் என் கைக்கு வரும், நான் பிரிச்சுப் பாக்கவே கூடாது."

யாருடையது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. முருகையன் அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டான்.

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் சித்தார்த்தன், தனகோடி போன் செய்ததும், மதியமே நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மயக்க மருந்து நிபுணர், நியாயமான மனிதர். தன் எண்ணம் தப்பென்று தெரிந்தால் முதலில் சந்தோஷப்படுவது தானாகத்தான் இருக்கும் என்றார். தனகோடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தாள்கள் மொடமொடவென்று இருந்தன. மடிப்புகளில் வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. கலியமூர்த்தி என்பவரின் நோட்டில் ஒன்பதும் ஒன்பதரையுமாக ஓடியது. சாலம்மாள் என்ற பெண்ணின் நோட்டில் ஏழு மாதமாக ஒன்று, ஒன்றரை, மறுபடி ஒன்று.

அரை எதற்கு என்று தனகோடி கேட்டார். டாக்டருக்கும் தெரியவில்லை. முழு எண் மட்டும் எழுதும்படிதான் சொல்லியிருந்தார்களாம், மற்ற ஊர்களில் யாரும் அரை போடவில்லை. மே மாதம் பதினாலு, பதினைந்து, பதினாறு மூன்று நாளும் ஆறு நோட்டிலும் காலியாக இருந்தன. அந்த மூன்று நாளும் கோடை மழை கொட்டியது என்று முருகையன் நினைவுபடுத்தினான். பக்கத்துக் கூனிமேட்டு மீனவர்களின் நோட்டுகளில் அந்த நாட்களுக்கும் எண் இருந்ததாக டாக்டர் சொன்னார். யாராவது ஏழுக்கு மேல் எழுதினால் ஆஸ்பத்திரியிலிருந்து பதிவு செய்த குரலில் ஒரு போன் போகும் என்றும் சொன்னார்.

டாக்டர் போனதும் முருகையன் தன் முடிவை அவிழ்த்தான். மழைக்கு வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்தவளுக்கு எழுதச் சோம்பல் வந்திருக்கும், அவ்வளவுதான்.

"வீட்ல உக்காந்து பொய் எழுதறவங்களுக்கு மழை எதுக்குப்பா லீவு விடணும்?" என்றார் தனகோடி. "பொய் எழுதறவங்க ஒரு கட்டத்தைக்கூட காலியா வுட மாட்டாங்க. நான் பாத்த பொய் கிளெய்ம் எல்லாமே பூர்த்தியா இருந்துச்சு."

சாயங்காலம் கலியமூர்த்தியைப் பார்த்துவர முருகையனை அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. ஒன்பதரை வலிக்காரர் சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் கட்டி மிதித்துக்கொண்டு போகிறார். நன்றாக இருக்கிற தன்னை வலிக்கிறதா, மருந்து சாப்பிட்டாயா என்று ஏதோ மெஷின் வாரம் தவறாமல் போனில் நச்சரிப்பதாகத் திட்டுகிறார். ஆக, நோட்டில் இருப்பது அத்தனையும் கட்டுக்கதை.

"உப்பளத்துல பேனா யார் கையில இருக்குதுன்னு கேட்டியா?"

முருகையன் கேட்கவில்லை. அது எதற்கு என்றும் அவனுக்குப் புரியவில்லை. தனகோடி டாக்டருக்கு மறுபடி போன் செய்து, காலை ஆறரைக்குக் காரோடும் ஒரு புது நோட்டோடும் வரச் சொன்னார். மேரிசெல்வியும் கூட வரவேண்டும் என்றார்.

வியாழக்கிழமை காலை நால்வரும் உப்பளம் போய்ச் சேர்ந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் வாரிவிட வேண்டும் என்று ஆண்கள் பாத்திகளில் பலகை தள்ள, பெண்கள் கூடை சுமந்து வரப்பில் வரிசையாகப் போனார்கள். மேஸ்திரி வெங்கடாசலம் பாத்தி பாத்தியாகக் குனிந்து, கண்ணாடிக் குழல் ஒன்றை உப்புத்தண்ணீரில் மிதக்கவிட்டு அதன் அடர்த்தி பார்த்து, ரிஜிஸ்டரில் குறித்துக்கொண்டு வந்தார். தனகோடி அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். இருபத்துநாலரை என்று எழுதியிருந்தது.

"அதிகமா இருந்தா நல்லதா மேஸ்திரி?"

"பின்ன? மூணு டிகிரின்னா வெறுங் கடத்தண்ணி, ஒண்ணுக்கும் ஆவாது. இருவத்தஞ்சு கிட்ட ஏறுனாத்தான் உப்பு அடியில எறங்கும்மா."

தனகோடி எல்லோரையும் கொட்டகைக்குள் அழைத்து மூட்டைகளின்மேல் உட்காரவைத்தார். வாய்க்கால் மடை பார்க்கிற கலியமூர்த்தியும் வந்தார். மூலையில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த சாலம்மாள், ஒரு கையால் முந்தானையை நெஞ்சில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தபடியே கேட்டாள். புது நோட்டை மேஸ்திரியிடம் நீட்டி, இவர்கள் இரண்டு பேருக்கும் தினமும் எழுதுவது போல இன்றைக்கும் எழுதித்தரச் சொன்னார் தனகோடி. மேரிசெல்வி தலை குனிந்துகொண்டாள்.

வெங்கடாசலம் தயங்கவே இல்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு வலியும் இல்லை என்றார் கலியமூர்த்தி. மேஸ்திரி ஒன்பதரை என்று எழுதினார்.

சாலம்மாள், "அதே எரிச்சல்தாண்ணே. துணி பட்டாக்கூட தாங்கல," என்றாள். மேஸ்திரி ஒன்று என்று எழுதினார்.

டாக்டர் எழுந்தே விட்டார். "தாங்கலன்னு சொல்றாங்க, நீங்க ஒண்ணு போடுறீங்களே?"

"ஆமா சார். இன்னும் ஒண்ணுமே தேறலியே, வேற என்னா போடறது? கலியமூர்த்தி நல்லா தேறிட்டான். முழுசா பத்து போட மனசு வரல, கண்ணு பட்டுடும்னு அரை கொறைச்சேன்."

முருகையன் விரலை மடக்கி மடக்கி, நோட்டில் பார்த்த எண்களையெல்லாம் மனதுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"தாள்ல ஒட்டியிருந்தது உப்பு," என்றார் தனகோடி. "அப்ப நோட்டு இருந்தது வீட்ல இல்ல, இங்க. மழைன்னா உப்பளம் கிடையாது, அதனால மூணு நாள் எழுத்தும் கிடையாது. அரை போடற பழக்கம் யாருக்கு வரும்? தெனமும் டிகிரி பாக்கறவருக்குத்தான். கலியமூர்த்தி கேன் தூக்கிட்டுப் போறார்னு முருகையன் சொன்னப்பவே எண்ணு பொய்யில்ல, திரும்பி நிக்குதுன்னு சந்தேகம் வந்துச்சு. உப்பளத்துல சின்ன எண்ணுன்னா மோசம், பெரிய எண்ணுன்னா நல்லது. மேஸ்திரி முப்பது வருஷமா அப்படித்தான் எழுதறார். அவர் ஒரு நாள்கூட பொய் எழுதல."

பிறகு மேரிசெல்வியின் பக்கம் திரும்பி, இது உனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டார். மேஸ்திரி எழுதுவது தெரியும், எப்படி எழுதுகிறார் என்பது தெரியாது என்று அவள் ஒப்புக்கொண்டாள். உப்புத்தண்ணீரில் வெடித்த விரல்களால் இவர்களுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. இங்கே எண் எழுதுவது எப்போதுமே மேஸ்திரியின் வேலை என்பதால் ஆறு நோட்டும் அவரிடமே போய்ச் சேர்ந்தன. எண்ணின் அர்த்தத்தை அவள் ஆறு பேருக்கும் படித்துப் படித்துச் சொன்னாள், மேஸ்திரிக்குச் சொல்லவில்லை. நோயாளியோ அவர் வீட்டாரோதான் எழுத வேண்டும் என்பது விதி. அதை மீறவிட்டது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சித்தார்த்தன் நெற்றியைத் தேய்த்தார். பத்திலிருந்து கழித்துத் தானே திருத்திக்கொள்ள முடியாது, நடந்த பிசகை அப்படியே விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்து, இந்த ஆறு பேரையும் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்றார். விதி மீறியதற்குக் கண்டிப்பு இருக்கும். ஆனால் மேரிசெல்வி பொய் எழுதினாள் என்ற பேச்சு இன்று மதியத்தோடு முடியும், அதைத் தானே சொல்லி முடிப்பதாகச் சொன்னார். மேரிசெல்வி அழுதாள். முருகையனுக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஆனால் டாக்டரின் முகம் தெளியவில்லை. அவர் சாலம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுக்கு மேல் போனால்தானே போன் போகும். அது ஏழு மாதமாக நன்றாக இருக்கிறவருக்குப் போயிருக்கிறது, இவளுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. டாக்டர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, ஏன் இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டார்.

"போன் வரும்னு நர்சம்மா சொன்னாங்க. வரல. அப்ப இதெல்லாம் ஒரு வலியே இல்ல போல, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு பொறுத்துக்கினேன் சார்."

இது நரம்பில் வருகிற எரிச்சல், இதற்கென்று மருந்து இருக்கிறது, ஒரே நாளில் போகாவிட்டாலும் வாரங்களில் குறைய நல்ல வாய்ப்பு உண்டு என்று டாக்டர் மெதுவாக விளக்கினார். இன்றே பார்த்துவிடலாம் என்றார். டாக்டர் கூட்டத்துக்குப் போகட்டும், தான் சாலம்மாளைப் பஸ்ஸில் கூட்டி வருவதாக மேரிசெல்வி சொன்னாள். பஸ் எல்லாம் வேண்டாம், காரிலேயே போகலாம் என்று டாக்டர் எழுந்துவிட்டார்.

சாலம்மாள் ஊசியையும் நூலையும் சாக்கில் குத்திவைத்துவிட்டு எழுந்தாள். பின்சீட்டில் மேரிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, நெசமாவே குறையுமா நர்சம்மா என்று கேட்டாள். குறையும் அக்கா என்று மேரிசெல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தனகோடி டாக்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் மிச்சமிருந்த இடத்தில் முருகையன் வசதியாக உட்கார்ந்து கதவைச் சாத்தப் போன நேரத்தில், பாத்திகளுக்கு நடுவிலிருந்து வெங்கடாசலம் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். மற்ற நான்கு பேரையும் தேடிப் போய்த் தானே மறுபடி விசாரித்திருக்கிறார் போலிருக்கிறது. அவருக்குப் பின்னால், கூடையை இறக்கிவைத்த கையோடு, நெஞ்சைத் தாங்கிப் பிடித்தபடி ஒருத்தி வேகமாக நடந்து வந்தாள்.

"சார், இவ பாப்பாத்தி," என்றார் வெங்கடாசலம், மூச்சு வாங்கிக்கொண்டு. "இவளுக்கு நான் ரெண்டு போட்டு வெச்சிருக்கறேன் சார்."

முருகையன் இறங்கி, கதவை அகலத் திறந்து பிடித்தான்.