தாமான் பிடிப்பவள்

பாய்மரப் படகில் பாயின் கீழ்முனையில் ஒரு கயிறு இருக்கும். அதற்குத் தாமான் என்று பெயர். இழுத்துப் பிடித்தால் பாயில் காற்று நிறைந்து படகு பறக்கும். விட்டால் காற்று வெளியேறிப் படகு அடங்கிவிடும். திடீரென்று பெருங்காற்று வந்தால் சட்டென்று விட வேண்டுமே, அதனால் தாமானை எங்கேயும் கட்டக் கூடாது. கையில்தான் பிடிக்க வேண்டும்.

அம்மாவின் படகில் அந்த வேலை சில்வண்டுக்கு. ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது.

அன்று அம்மா அக்கரைக்கு மாவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். தம்பி உருண்டையும் கூட வந்தான். அவன் கன்னத்தைப் பார்த்தாலே பெயர்க்காரணம் தெரிந்துவிடும். அவன் மடியில் ஒரு குட்டிக் கப்பல். பள்ளிக் கண்காட்சிக்காகத் தீக்குச்சிகளை ஒட்டி ஒட்டிச் செய்தது. நிஜப் பாயைப் பார்த்து அதன் கயிறுகளைச் சரிசெய்யத்தான் வந்திருந்தான்.

சில்வண்டுக்குக் கை கடுத்தது. வேர்க்கடலை உரிக்க இரண்டு கையும் வேண்டும். பின்னால் சுக்கான் பிடித்திருந்த அம்மாவுக்கு அவள் தெரியாதபடி பாய் மறைத்தது. சில்வண்டு தாமானைப் படகின் விளிம்பில் இருந்த முளையில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"அக்கா, கட்டக் கூடாதே."

"ரெண்டு கடலை தர்றேன், வாயை மூடு."

அவள் கடலையை உடைப்பதற்குள் காற்று திமிறியது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தாமானை விடு!" என்று அம்மா கத்தினார்.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தாள். படகு நிமிர்ந்தது. ஆனால் உருண்டையின் மடி காலியாக இருந்தது. குட்டிக் கப்பல் தண்ணீரோடு போய்விட்டது.

"கெட்டியா பிடிச்சுக்கன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று அம்மா அவனைத்தான் கடிந்துகொண்டார்.

அவன் அக்காவைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை. வாயாடி சில்வண்டும் வாய் திறக்கவில்லை.

கரை தொடும்வரைதான் அவளால் தாங்க முடிந்தது. "அவன் மேல தப்பில்லம்மா. நான்தான் தாமானைக் கட்டிட்டேன்."

அம்மா பாயை இறக்கிச் சுருட்டினார். பிறகு, "மூணு பேரும் போயிருப்போம்டி" என்றார். நாலு அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சில்வண்டுக்கு.

அன்று மாலையிலிருந்து அக்காவும் தம்பியும் உட்கார்ந்து தீக்குச்சி ஒட்டினார்கள்.

"அதுல ஜன்னல் இருந்துச்சு."

"இதுலயும் வைக்கலாம்டா."

"அது நான் மட்டும் செஞ்சது."

சில்வண்டு அடுத்த குச்சிக்குப் பசை தடவினாள். அந்தக் கப்பல் இனி வராது என்பது அவளுக்கும் தெரியும்.

கண்காட்சி அன்று காலையில் சில்வண்டு களிமண்ணில் ஒரு குட்டிப் பெண்ணைச் செய்து, புதுக் கப்பலின் பாய்க்கு அருகில் உட்காரவைத்தாள்.

"யாருக்கா இது?"

"நான்தான்."

"மூஞ்சி ஏன் உம்முன்னு இருக்கு?"

"இருக்காதா பின்னே?"

உருண்டை குனிந்து உற்றுப் பார்த்தான். தாமான் எங்கேயும் கட்டப்படவில்லை. களிமண் பெண்ணின் கைக்குள் இருந்தது.

அவன் மிச்சக் களிமண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். அதை அந்தக் களிமண் பெண்ணுக்குப் பக்கத்தில், ஒட்டினாற்போல வைத்தான்.

"இது நான்" என்றான்.