கோடு போட்ட ஐந்து ஊர்கள்

மகேஸ்வரி எண்ணை அழுத்தினாள். மணி ஒலிக்கவில்லை. முன்பே எடுத்துக் காத்திருந்தது போல, மறுமுனையில் நேராக ஒரு மூச்சு கேட்டது.

"தண்ணி வந்துருச்சுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்லம்மா, நான் மைசூர்ல அணைப் பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க நம்பர் சரியான்னு பார்க்கத்தான்..."

இணைப்பு அறுந்தது.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஹனூர்ப் பக்கத்துப் பழைய மண் அணை ஒன்று உடைந்தால் யாரை எப்படி எச்சரிப்பது, எந்த வழியாக மேட்டுக்கு ஏற்றுவது என்று எட்டு மாதம் அலைந்து அவள் எழுதிய அவசரகாலத் திட்டம், அன்று காலை மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. வெள்ளம் சூழும் என்று அவள் காட்டியிருந்த பதினோரு ஊர்களில் ஐந்தின் மேல் சிவப்பு மையில் கோடு.

"விடும்மா," என்றார் மேலதிகாரி உதயகுமார். "அங்கெல்லாம் சைரன் வைக்கணும், ஒத்திகை நடத்தணும், ஜனங்க சும்மா பயந்துக்குவாங்க. அஞ்சையும் எடுத்துட்டு நாளைக்குக் கொண்டா."

"தண்ணிக்கு அந்தக் கோடு தெரியாதே சார்."

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீம்பில்தான் மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், கோடு போட்ட ஊர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூச வைத்தது, மின்விசிறி கரகரத்தது, பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள், இதற்கு நடுவே, ஊறிப்போன வைக்கோலின் புளித்த வாடை எங்கிருந்தோ மெல்ல வந்து மேசையைச் சுற்றி நின்றது.

இரண்டாவது ஊர். ஒரு கிழவர். "தண்ணி வந்துருச்சுங்களா?"

மூன்றாவது. ஒரு குழந்தை. அதே கேள்வி, அதே நிதானம். பின்னால், மூக்குவரை நீரில் நிற்கும் மாடு மூச்சு விடுவது போலக் குமிழிச் சத்தம்.

"யாரு விளையாடறது?" என்று கத்தினாள். நான்காவது, ஐந்தாவது ஊர்களிலும் அதே கேள்விதான்.

அணைக்கே கூப்பிட்டாள். நீர்மட்டம் குறிக்கும் குப்புசாமி எடுத்தார்.

"மட்டம் எவ்வளவுங்க?"

"அடியில கெடக்குதுங்க மேடம். மழை ஏது? பாறையெல்லாம் வெளிய தெரியுது."

அப்பாடா என்று சாய்ந்தாள்.

"ஆனா மேடம்..." அவர் குரல் தாழ்ந்தது. "கீழூரு சனங்க காத்தால இருந்து கரைமேல வந்து நிக்கறாங்க. நீங்க வரச் சொன்னீங்களா?"

"எந்த ஊருங்க?"

சொன்னார். கோடு போட்ட அதே ஐந்து பெயர்கள்.

"கேட்டா வாயே தொறக்கலீங்க. மூட்டை முடிச்சு, ஆடு மாடோட நிக்கறாங்க. எல்லாரும் தொப்பலா நனைஞ்சிருக்காங்க மேடம்."

"வீடியோவுல காட்டுங்க. சார்! சார், இங்க வாங்க!"

உதயகுமார் தலை நிமிரவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம், நோடோணம்மா."

திரை ஆடி நின்றது. வெயில். அணைக்குள் வறண்ட ஏரி. கரையின் கீழ்ப்புறச் சரிவு முழுக்க மனிதர்கள், தோளோடு தோள். ஒருவரும் இமைக்கவில்லை. தலைமுடியிலிருந்து, முந்தானையிலிருந்து, குழந்தைகளின் விரல் நுனியிலிருந்து நீர் ஒழுகியது.

கீழே ஓடவில்லை அது.

கால்களுக்கிடையே கூடியது. சரிவில் மேல்நோக்கி ஏறியது. கரையைத் தாண்டி, ஏரிக்குள் விழுந்தது. சத்தமே இல்லாமல்.

"மேடம்," என்றார் குப்புசாமி. படம் நீர்மட்ட அளவுகோல் பக்கம் திரும்பியது.

பாறைகளைக் காணோம்.

பத்தடி.

இருபது.

கரை விளிம்பு.