பாலைத்தடியில் இருந்த ஆணி

கரண்டு போய்க் கால்மணி நேரமாகியும் அரவைக் கல் நிற்கவில்லை. செல்வதாஸ் அலட்டிக்கொள்ளவில்லை. பாரமான கல், கொஞ்ச நேரம் சுற்றத்தான் செய்யும். துபாயில் பத்து வருஷம் இருந்து வந்தவனுக்கு இந்தக் காகிதக் கூழ் ஆலையும், மேற்பார்வை வேலையும், இங்குள்ள ஆட்களும் எல்லாமே இளக்காரம்தான்.

காலையில் திருவட்டாறு பக்கமிருந்து வந்த பாலைமரத் தடி ஒன்றில் பழைய ஆணி இருந்தது. இரும்போடு தடி உள்ளே போனால் கல் உடையும். பிடுங்கிவிட்டுத்தான் அரைக்க வேண்டும். பட்டை உரிக்கிற சுனிதா அதைத் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

"யட்சிய மரத்தோட அடிச்சு நிறுத்துன ஆணி சாரே, பிடுங்குனா அவ எறங்கிருவா. அந்தத் தடிய அப்படியே தள்ளிப் போடுங்க. பிடுங்கியே தீரணும்னா, ஒடனே வேற உசிருள்ள மரத்துல அடிச்சிரணும்."

"போ ஏட்டி, ஒனக்க யட்சியும் நீயும்! கல்லு ஒடஞ்சா ஒனக்க அப்பனா வாங்கித் தருவான்?"

ஆணியைப் பிடுங்கி, அவள் பார்க்கவே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சுனிதா சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். பயந்தாங்கொள்ளிக் கூட்டம்! தடியை அவனே கல்லில் கொடுத்து அரைத்தான்.

இப்போது தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு அடியில் கல் முனகிக்கொண்டே சுற்ற, ஈர மரத்தின் புளிச்ச வாடைக்கு நடுவே பாலைப்பூ மணம் தலைவலிக்கிற அளவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. உரித்த தடியில் ஏது பூ என்று முகத்தைச் சுளித்தபடி கல்லுக்கு அடியில் இருந்த கூழ்த் தொட்டியை எட்டிப் பார்த்தான். கூழில் கறுப்பாக, நீளநீளமாக நார். கைவிட்டு வாரினான்.

நாரில்லை. முடி.

கல் நின்றது. மழையும் கேட்கவில்லை.

சீ என்று உதறினான். முடி விடவில்லை. மணிக்கட்டைச் சுற்றி இறுகியது. பயம், சுத்தமான பயம். ஆணியை அடிக்க வேண்டும். இப்போதே.

வாசலுக்கு வெளியே ரப்பர் மரங்கள். பத்தடிதான். முடி பின்னால் இழுத்தது. எட்டவில்லை. உள்ளே கிடந்ததெல்லாம் வெட்டிய தடி. உயிருள்ளது அவன் ஒருவன்தான்.

"சுனிதா! ஏட்டி சுனிதா!"

யாருமில்லை. சட்டைப்பையைத் தடவினான். ஆணி இல்லை.

நெற்றியில் ஏதோ குளிர்ந்தது. கூர்மையாக.

தரையில் கிடந்த சுத்தியலையும் காணவில்லை. அது அவன் முகத்துக்கு நேரே ஓங்கி நின்றது, வெள்ளைக் கூழ் சொட்டுகிற ஒரு கையில்.